வலியறிதல்

திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரம் வலியறிதல் என்னும் பெயர் உடையது. செய்யத் துணிந்த செயலின் ஆற்றலையும், அதைச் செய்வோனின் ஆற்றலையும், எதிர் நிற்போனின் ஆற்றலையும் அளந்தறிந்த பின்னரே அரசன் களம் புக வேண்டும் என்பது அதன் பொருள். இத்தலைப்பை வகுப்பறையில் முதன்முறை கேட்கும் மாணவன் உடல்நோவைப் பற்றிய அதிகாரம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. வலி என்பது ஈண்டு வலிமையைக் குறித்தது என்று ஆசிரியர் திருத்துவதும் இயல்பு. ஆயினும், ஆற்றலுக்கும் நோவுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவதை எண்ணி வியவாதார் இலர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழகத்தின் செங்கற்பட்டிலும் வேலூரிலும் வாழ்ந்த நோயாளர் சிலரிடத்தில் இவ்விரு பொருளும் பிரிந்து நின்றன. அவர்தம் கைகளில் வலிமை இருந்தது, நோவு இல்லை. அந்த நோவின்மையே அவர்களை அழித்தது என்பதை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்நோயாளர் தொழுநோயாளர். குட்டம் என்றும் பெருநோய் என்றும் மக்கள் அஞ்சி அழைத்த அந்நோயைச் சித்த மருத்துவ நூல்கள் பதினெட்டு வகையாகப் பகுத்துரைக்கும். நீரடிமுத்து எண்ணெய் நெடுங்காலமாக அதற்கு மருந்தாக வழங்கி வந்தது. அந்த எண்ணெயை மேலை நாட்டு மருத்துவரும் பின்னர் ஏற்று, ஊசிவழி உடலில் செலுத்தினர். நோயின் காரணம் ஒரு நுண்ணுயிர் என்பதை 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் கண்டறிந்தார். தோலில் தோன்றும் தேமல் மரத்துப் போயிருக்கும் என்பதும், அவ்விடத்தில் ஊசியால் குத்தினும் நோயாளி உணரான் என்பதும் மருத்துவர் முன்பே அறிந்த செய்திகளே. இருந்தும் அம்மரமரப்பை நோயின் அடையாளமாகக் கொண்டனரே அன்றி, அழிவின் காரணமாகக் கொண்டாரல்லர். விரல்கள் தேய்ந்து குறைவதும், பாதம் புண்ணாகிச் சிதைவதும் நோயினால் தசை தானே அழுகுவதன் விளைவு என்றே கற்றவரும் கல்லாதவரும் ஒருங்கே நம்பினர். தானே அழுகும் கையை எவரால் காக்க இயலும்? ஆகவே கையைக் காக்க எவரும் முயலவில்லை. ஒரு பிழையான கருத்து பல நூற்றாண்டுகள் நிலைபெற்று எத்தனை கைகளை அழித்தது என்பதற்குக் கணக்கில்லை.

அக்கருத்தை அசைத்தவர் பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர். ஆங்கிலேயர் எனினும் அவர் பிறந்தது கொல்லிமலையில். சமயப் பணிக்காக வந்து மலைவாழ் மக்களிடையே தங்கிய பெற்றோருக்கு 1914-ஆம் ஆண்டில் மகனாகத் தோன்றினார். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929-ஆம் ஆண்டில் தந்தை மலைக்காய்ச்சலுக்கு இரையானார். மகனால் அருகிருக்க இயலவில்லை. மருத்துவக் கல்விக்கு முன்னர் அவர் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றார் என்பது சிறு செய்திபோல் தோன்றும். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கின், உளியும் இழைப்புளியும் பிடித்துப் பழகிய அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை எனலாம். இலண்டன் மாநகரம் போரில் குண்டுமழைக்கு ஆளான காலத்தில் அங்கு அறுவை மருத்துவம் கற்றுத் தேர்ந்து, 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டில் அவர் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அதன் தலைவர் இராபர்ட் காக்ரேன் தோல்நோய் அறிந்த அறிஞர். தோட்டத்தின் வழியே நடந்து செல்கையில் பிராண்ட், வழியில் அமர்ந்திருந்த நோயாளரின் மடங்கிய விரல்களைக் கண்டு, இவை ஏன் இவ்வாறு ஆயின என்று வினவினார். தாம் தோலை அறிந்தவரே அன்றி எலும்பையும் தசையையும் அறிந்தவர் அல்லர் என்றும், உலகில் எத்தனையோ இலட்சம் பேர் இந்நோயால் முடமாகியும் எலும்பு மருத்துவர் ஒருவரும் இதை ஆராய முன்வரவில்லை என்றும் காக்ரேன் விடையிறுத்தார். பிராண்ட் அருகிலிருந்த இளைஞர் ஒருவரிடம் தம் கையைத் தந்து, இயன்ற மட்டும் அழுத்துமாறு வேண்டினார். வலுவற்ற பிடியைத்தான் அவர் எதிர்பார்த்தார். அந்த இளைஞரின் நகங்களோ அவர் உள்ளங்கையில் ஆழப் பதிந்தன. நோவு பொறாமல் அவர் அலறிய பின்னரே இளைஞர் திகைத்துக் கையை விட்டார். பிறர்க்குத் துன்பம் தருகிறோம் என்பதை அவர் கை அவருக்கு உணர்த்தவில்லை. மடங்கிக் கிடந்த கையில் அத்துணை வலிமையான தசை உயிருடன் இருக்கிறது என்பதைப் பிராண்டுக்கு உணர்த்தியது அவர் தாமே அடைந்த நோவு.

அதன்பின் ஆராய்ச்சி விரைந்தது. இறந்துபட்ட நோயாளி ஒருவரின் உடலை இரவோடு இரவாகக் கூறிட்டு, நரம்புகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து நோக்கினர். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில், தோலுக்கு மிக அண்மையில் செல்லும் பகுதிகளில் மட்டும் நரம்பு வீங்கித் தடித்திருந்தது. உடலின் குளிர்ந்த பகுதிகளையே அந்நுண்ணுயிர் விரும்பும் என்னும் உண்மை இதனோடு பொருந்தியது. வீக்கத்திற்குக் கீழே உள்ள தசைகள் செயலிழந்தன. மேலே கிளைபெறும் நரம்பால் இயங்கும் தசைகள் நலமாகவே இருந்தன. நலமான முன்கைத் தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு பிணைத்தால் மடங்கிய கை விரியும் அன்றோ? 1948-ஆம் ஆண்டு முதல் வேலூரில் இவ்வகை அறுவை நடைபெறலாயிற்று. தொழுநோயாளரைப் பொதுமருத்துவமனையில் சேர்க்கப் பலரும் தயங்கிய காலம் அது. எளிய மண்சுவர்க் கட்டடம் ஒன்றில் அப்பணி தொடங்கியது.

கைகள் விரிந்தன, ஆனால் சிக்கல் தீரவில்லை. அறுவையால் நலம்பெற்றுச் சென்ற ஒருவர் சின்னாள் கழித்து மெலிந்து திரும்பி வந்தார். தம் கைகள் இப்பொழுது பிச்சை எடுப்பதற்கு உதவாத கைகளாகிவிட்டன என்று அவர் முறையிட்டார். முன்னர் மடங்கிய கையைக் கண்டு இரங்கியோர் இப்பொழுது காசு தரவில்லை; நோயின் வடு உடலில் இருந்தமையால் வேலையும் தரவில்லை. இதைக் கேட்ட பிராண்ட் தாம் கற்ற பழைய தொழிலை நினைவுகூர்ந்தார். 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தை அடுத்து நவஜீவ நிலையம் என்னும் சிற்றூர் ஒன்று தோன்றியது. சிறு குடில்களும் தச்சுப் பட்டறையும் அமைந்தன. அறுவை முடிந்த இளைஞர்கள் மரப் பொம்மைகள் செய்து விற்கக் கற்றனர். பட்டறையில் அவர்களுக்கு வழிகாட்டியவரும் கத்தி பிடித்து அறுவை செய்த அதே மருத்துவர்தாம்.

பட்டறை தொழிலை மட்டும் கற்பிக்கவில்லை. ஆராய்ச்சிக் கூடமாகவும் ஆயிற்று. காலையில் நலமாக இருந்த விரலில் மாலையில் காயம் தோன்றியது. காயம் எவ்வாறு வந்தது என்று கேட்டால், தெரியாது என்றனர். தானாக வந்தது என்றனர். தானாக வந்ததை ஏற்க மறுத்து, ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடும் வழக்கத்தை அம்மருத்துவக் குழு மேற்கொண்டது. ஒருநாள் துருவேறிய பூட்டு ஒன்று திறக்க மறுத்தது. பிராண்டால் திருப்ப இயலாத சாவியைச் சிறுவன் ஒருவன் வாங்கி எளிதில் திருப்பிவிட்டான். அவன் வலிமையை வியந்து கையை நோக்கியபோது விரலில் குருதி வழிந்தது. சாவியின் விளிம்பு தோலைக் கிழித்துத் தசையைப் பிளந்து எலும்பை எட்டியிருந்தது. சிறுவன் அதை அறியவே இல்லை. நலமுள்ள எவனும் சாவியை அந்த அளவு அழுத்துவதற்கு முன்னரே விட்டுவிடுவான். அவனைத் தடுத்து நிறுத்துவது நோவு. தடுப்பார் இன்மையால் அச்சிறுவனின் வலிமை அவன் கையையே கிழித்தது.

ஒவ்வொன்றாகக் காரணங்கள் வெளிப்பட்டன. அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியமை. விரலிடுக்கில் எரிந்த பீடி தோலைத் தொட்டும் அறியாமை. சுத்தியலின் பிடியை வேண்டியதினும் பன்மடங்கு இறுகப் பற்றியமை. செருப்பினுள் கிடந்த ஆணியின்மேல் நாள்முழுதும் நடந்தமை என அவை நீண்டன. ஆயினும் விரலின் ஒரு பகுதி ஓரிரவில் காணாமற்போன நிகழ்ச்சிகளுக்கு மட்டும் விளக்கம் கிட்டவில்லை. இரவில் விழித்திருந்து காவல் காத்த பின்னரே உண்மை தெரிந்தது. உறங்கும் நோயாளியின் கையருகே எலி வந்து முகர்ந்தது; அசைவு இல்லாமை கண்டு கடித்தது. அவர் விழிக்கவில்லை. அன்று முதல் நவஜீவ நிலையத்தில் பூனை வளர்ப்பது விதியாயிற்று. நலம்பெற்று வீடு திரும்புவோர்க்கும் பூனை ஒன்று உடன் கொடுத்தனுப்பப்பட்டது. மருத்துவ வரலாற்றில் பூனைக்குக் கிடைத்த இவ்விடம் நகைப்புக்கு உரியது அன்று.

தசை தானே அழுகுகிறது என்ற பழங்கருத்து இவ்வாறு வீழ்ந்தது. தொழுநோய் நுண்ணுயிர் விரலைத் தின்பதில்லை. விரலைக் காக்கும் காவலனைக் கொல்கிறது. காவலன் இறந்தபின் அன்றாட வாழ்வே எஞ்சியதை அழித்துவிடுகிறது. இந்நோய் முற்றிலும் நோவற்றது என்று கூறுவதும் பிழையாகும். உடலின் எதிர்ப்பாற்றல் நுண்ணுயிரை எதிர்த்துச் சினந்தெழும் காலங்களில் நரம்பு வீங்கிப் பொறுக்கலாகா நோவு உண்டாவதுண்டு. அந்நோவு அடங்கியதும் நோயாளி ஆறுதல் அடைவான். உண்மையில் அவன் அஞ்ச வேண்டிய காலம் அப்பொழுதுதான் தொடங்குகிறது.

நோவு செய்யும் பணியைக் கண்ணும் கருத்தும் செய்தாக வேண்டும் என்று நோயாளர்க்குக் கற்பிக்கப்பட்டது. நாள்தோறும் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தல், சிவந்த இடம் இருப்பின் அன்று முழுதும் அதற்கு ஓய்வு தருதல், கருவிகளின் பிடியைத் தடித்த மரத்தால் அமைத்தல், பாத்திரத்தைத் துணியால் பற்றுதல் ஆகியவை பாடமாயின. பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு இட்டு எடையைப் பகிர்ந்தளிக்கும் முறை இலங்கையிலும் தமிழகத்திலும் முன்பே கையாளப்பட்டது. வேலூரில் அது பெரிதும் வளர்ச்சி பெற்றது. நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற இரப்பரால் செருப்புகள் செய்யப்பட்டன. 1955-ஆம் ஆண்டில் வேலூரை அடுத்த கரிகிரியில் எழுந்த ஆராய்ச்சி மருத்துவமனை இப்பணிகளைப் பின்னர் விரிவாக மேற்கொண்டது. பிராண்டின் துணைவியார் மார்கரெட் கண் மருத்துவர். கண்ணில் தூசு உறுத்துவதை உணராமையால் இமைப்பதை மறந்து பார்வை இழந்தோர் பலரை அவர் கண்டார். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு பிணைக்கும் அறுவை அவர்களுக்குச் செய்யப்பட்டது. அதன்பின் பல்லைக் கடித்தால் கண் மூடும். ஆனால் இமைக்க வேண்டும் என்பதை நாள் முழுதும் நினைவில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எவரும் எண்ணாமலேயே செய்யும் ஒன்றைக் கணந்தோறும் எண்ணிச் செய்வது எத்துணை அரிது என்பதை இமைத்துப் பார்ப்போர் உணரலாம்.

வேலூரில் இப்பணிக்கு வந்து சேர்ந்த மற்றொருவர் வரலாறு தனியே கூறத்தக்கது. கொச்சியில் 1925-ஆம் ஆண்டில் பிறந்த மேரி வர்கீஸ் வேலூரில் மருத்துவம் பயின்றவர். 1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உடன் பணிபுரிவோருடன் உலாச் சென்ற வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு முறிந்தமையால் அவர் இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இழந்தார். முகத்திலும் நீங்காத வடு தங்கியது. இருபத்தொன்பது வயதை எட்டாத மருத்துவர் ஒருவர், பிறரால் தூக்கப்படவும் கழுவப்படவும் வேண்டியவராய்ப் படுக்கையில் கிடந்தபோது அவர் உள்ளம் பட்டது சிறிதன்று. தாம் பிழைத்ததற்கு மாறாக இறந்திருக்கலாகாதா என்ற எண்ணமும் அவருக்கு எழுந்ததுண்டு. அந்நிலையில் பிராண்ட் அவரிடம் எடுத்துரைத்தது மருத்துவ ஆறுதல் அன்று, மருத்துவ வேலை. கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யலானார்.

ஒன்று நோக்கத்தக்கது. தம் காலில் உணர்விழந்த மருத்துவர், தம் கையில் உணர்விழந்த நோயாளிக்கு மருத்துவம் செய்தார். உட்கார்ந்த நிலையிலேயே இருப்பதால் தோல் நைந்து புண்ணாகாமல் காத்துக்கொள்ள அவரும் நாள்தோறும் தம் உடலைப் பார்த்தாக வேண்டும். நோயாளர்க்குச் சொல்லப்பட்ட அதே பாடம் அவருக்கும் பாடமாயிற்று. நோயாளிகள் அவர் சொற்களைப் பிறர் சொற்களினும் மிகுதியாக ஏற்றதில் வியப்பில்லை. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-ஆம் ஆண்டில் வேலூரில் அதற்கென ஒரு நிலையம் உருவாகக் காரணமானார். 1972-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ஆம் ஆண்டில் மறைந்தார்.

பிராண்ட் 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு அவர் மேற்கொண்ட ஒரு முயற்சி, வெற்றியினும் தோல்வியே மிகுதியாகக் கற்பிக்கும் என்பதற்குச் சான்று. இயற்கை நோவு இறந்தவர்க்குச் செயற்கை நோவு அமைத்துத் தரலாம் என்று அவர் குழுவினர் எண்ணினர். கையுறையில் அழுத்தம் அறியும் சிறு கருவிகள் பொருத்தப்பட்டன. அழுத்தம் எல்லை மீறினால் காதில் ஓசை எழும். நோயாளர் ஓசையைக் கேட்டனர்; ஆனால் தொடங்கிய வேலையை விடவில்லை. ஓசைக்கு மாற்றாக, உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி தரும் அமைப்பு செய்யப்பட்டது. அதிர்ச்சியை ஒருவரும் தம் உடலின் எச்சரிக்கையாகக் கொள்ளவில்லை. எங்கிருந்தோ வரும் தண்டனையாகவே கொண்டனர். கடினமான வேலை வந்தபோது கருவியை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கினர். பல ஆண்டு உழைப்புக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. நோவு பொறுக்க இயலாததாகவும், நிறுத்தும் விசை உரியவன் கைக்கு எட்டாததாகவும் இருந்தால் ஒழிய அது காவல் செய்யாது என்னும் முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

ஈதெல்லாம் உடலைப் பற்றியது. தொழுநோயாளரின் உள்ளம் மரத்துப் போகவில்லை. உடல் இழந்த நோவையும் சேர்த்து உள்ளம் பட்டது என்று கூறினும் மிகையாகாது. பிராண்ட் அதைத் தம் வாழ்வில் ஓரிரவு உணர நேர்ந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயணம் முடித்து இலண்டன் திரும்பிய இரவில் காலுறையைக் கழற்றியபோது தம் குதிகாலில் உணர்வு இல்லாமையைக் கண்டார். ஊசியை எடுத்துக் கணுக்காலின் கீழே குத்தினார். குருதி துளிர்த்தது, நோவு இல்லை. நோயாளருடன் ஆண்டுக்கணக்கில் பழகியவர் தமக்கும் அந்நோய் வந்துவிட்டது என்றே கொண்டார். அந்நோய் எளிதில் தொற்றாது என்றும், மருந்து உண்டு என்றும் ஆயிரம் பேருக்கு எடுத்துரைத்தவர் அவர். அன்றிரவு அவ்வறிவுரை ஒன்றும் அவருக்கு உதவவில்லை. மனைவி மக்களை விட்டு விலகி வாழ வேண்டும் என்ற எண்ணமே உறக்கத்தைக் கெடுத்தது. விடிந்ததும் மீண்டும் ஊசியால் குத்தினார், அலறினார். தொடர்வண்டியில் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. அந்த நோவுக்காக இறைவனுக்கு நன்றி கூறியதாக அவர் பின்னாளில் எழுதினார்.

மற்றொரு நிகழ்ச்சியையும் அவர் நூலில் காணலாம். நோயாளி ஒருவரின் தோள்மீது கையை வைத்து, அளிக்கப்போகும் மருத்துவத்தை மொழிபெயர்ப்பாளர் வழியே விளக்கிக்கொண்டிருந்தார். நோயாளி விம்மி அழத் தொடங்கினார். பிழையாக ஏதேனும் கூறிவிட்டோமோ என்று மருத்துவர் திகைத்தார். அவர் தோளில் கை வைத்ததே காரணம் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டுச் சொன்னார். இங்கு வரும்வரை பல ஆண்டுகளாக எவரும் அந்நோயாளியைத் தொட்டதில்லை.

தொடாமை என்னும் அத்துன்பம் சில நாடுகளில் சட்டமாகவே எழுதப்பட்டது. மலாயா அவற்றுள் ஒன்று. பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். கோலாலம்பூரில் செத்தாப்பாக்கில் அமைந்த புகலிடம் நெருக்கடி மிகுந்த இடமாக இருந்தது. 1926-ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழிசெய்தது. அந்நிலையில் டிராவர்ஸ் என்னும் மருத்துவர், நோயாளர் சிறைக்கைதிகள் அல்லர், அவர்கள் ஒதுக்கப்படத்தான் வேண்டும் எனின் தோட்டமும் வீடும் உள்ள நல்லதோர் ஊரில் வாழட்டும் என்று வாதாடினார். நீரடிமுத்தை ஒத்த சீன மருந்தைக் கையாண்டு பலருக்கு நலம் கண்டவர் அவர். கோலாலம்பூருக்கு வடமேற்கே, குன்றுகள் சூழ்ந்த சுங்கை பூலோ பள்ளத்தாக்கில் 1930-ஆம் ஆண்டில் அவ்வூர் திறக்கப்பட்டது.

நெடிய கொட்டகைகளுக்கு மாறாகச் சிறுசிறு வீடுகள், பள்ளிக்கூடம், ஆட்ட மைதானம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நோயாளரைக் கொண்டே அமைந்த காவல் அமைப்பு, அங்கு மட்டும் செல்லும் தனி நாணயத்தாள் என அஃது ஒரு தனி நகரமாயிற்று. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த காலம் உண்டு. சீனர் பெரும்பான்மையினர், மலாய்க்காரரும் தமிழரும் இருந்தனர். தோட்டத்திலிருந்து அங்கு அனுப்பப்பட்ட ஒருவரைப் பற்றி வீட்டார் பிறரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டனர். அவர் வெளியூர் சென்றதாகவோ இறந்ததாகவோ கூறப்பட்டது. தங்கை தம்பியர்க்கு மணம் நடக்க வேண்டுமே என்பது காரணம். அவர்களைக் குறை கூறுவது எளிது. அச்சத்தை உண்டாக்கியவர் அவர்கள் அல்லர்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அப்பள்ளத்தாக்கில் பசியால் மடிந்தோர் பலர். போருக்குப் பின் டாப்சோன் மாத்திரை வந்தது. நோய் அடங்கத் தொடங்கியது. அம்மருந்துக்கு அடங்காத நுண்ணுயிரும் உண்டு என்பதை 1964-ஆம் ஆண்டில் உலகிற்கு முதன்முதலாக மெய்ப்பித்த ஆராய்ச்சி சுங்கை பூலோ நோயாளரிடம் நடந்ததாகும். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் இன்றைய முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் வகுத்ததற்கு அக்கண்டுபிடிப்பும் ஒரு காரணம். சிங்கப்பூரில் கட்டாய ஒதுக்கச் சட்டம் 1976-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. வாயில்கள் திறந்தன. ஆனால் திரும்பிச் செல்ல வீடு உடையோர் சிலரே. பலர் அங்கேயே தங்கிப் பூச்செடி வளர்த்து விற்றனர். உணர்வு குன்றிய விரல்களால் நாற்றை ஊன்றி, பதியம் வைத்து, உரமிட்டு அவர்கள் வளர்த்த செடிகள் கோலாலம்பூர் வீடுகளின் முற்றங்களை அடைந்தன. வளர்த்தவரைத் தொட அஞ்சியோரும் அவர் தொட்ட பூவை வாங்கிச் சென்றனர்.

அப்பள்ளத்தாக்கில் நோயாளர் தமக்குள் மணந்துகொள்ள இசைவு இருந்தது. குழந்தை பிறந்தால் தாயுடன் இருக்க இசைவு இல்லை. பிறந்த சேய் தாயின் மார்பை அடையுமுன் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. பெற்றோர் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கலாம். சில திங்களுக்குள் உறவினர் எவரும் ஏற்க முன்வராவிடின், குழந்தை பிறர்க்குத் தத்தாகத் தரப்பட்டது. தொழுநோய் பிறப்பால் வருவதன்று என்பதும், மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு என்பதும் பின்னர் உறுதியாயின. அக்குழந்தைகள் வளர்ந்து நடுவயதை அடைந்தபின், சிலர் தம்மை ஈன்றோரைத் தேடி அப்பள்ளத்தாக்குக்கு வரலாயினர். 2007-ஆம் ஆண்டில் ஊரின் ஒரு பகுதி மருத்துவக் கல்லூரிக்காக இடிக்கப்பட்ட பின்னரே, எஞ்சிய வீடுகளையும் ஏடுகளையும் காக்க வேண்டும் என்ற குரல் வலுப்பெற்றது. தேடி வந்தோருள் பலருக்குக் கிடைத்தது பழைய பதிவேட்டில் ஒரு பெயரும், குன்றின் சரிவில் ஒரு கல்லறையும். சிலருக்கு மட்டும் தாய் உயிருடன் இருந்தார். கண்ணாடி வழியே கண்ட முகத்தை அவர் மறந்திருக்கவில்லை. வந்த மகளின் கையைப் பற்றியபோது, பற்றியதைத் தாயின் விரல்கள் அறியவில்லை. கண்ணால் பார்த்து அறிந்தார்.